பூக் என்ற சொல்லும் சப்பீராவின் கண்ணும்

சப்பீராவுக்கு வலது கண் போனது ஏழாவது வயதில். கரையோர ஊரான மக்தலாவில் மீனுக்கு உப்புப் போடும் கொட்டகைகளை ஒட்டி அவர்கள் வீடு. கோடை வந்தால் அங்கே ஈ மொய்க்காத குழந்தை கிடையாது. அந்த வருஷம் கண்நோய் கண்ட பிள்ளைகள் பதினொரு பேர். அவர்களில் நாலு பேருக்கு இரண்டு கண்ணும் போயிற்று. சப்பீராவுக்கு ஒன்றோடு நின்றது. டமாஸ்கஸ் பக்கமிருந்து ஒட்டகங்களோடு வந்த ஒரு வியாபாரிப் பெண் ஒரு துண்டு அஞ்சனக்கல்லைக் கொடுத்து, நைசாக அரைத்துக் காலையும் மாலையும் தீட்டச் சொன்னாள். சப்பீராவின் தாய் அப்படியே செய்தாள். வலது கண் அதற்குள் குழிந்துவிட்டிருந்தது. இடது கண் மெல்லச் சிவப்பு இறங்கிப் பிழைத்துக்கொண்டது.

பிழைத்தது என்றாலும் முழுதாகக் குணமாகவில்லை. நாலு நாள் மை தீட்டாமல் விட்டால் இமையோரம் தடித்துச் சீழ் கட்டும். ஆகவே தாய் ஒரு நாளும் விடவில்லை. தாய் செத்த பிறகு சப்பீராவும் விடவில்லை.

பன்னிரண்டு வயதில் கிணற்றடியில் ஒரு பெண் அவளைப் பார்த்து, "இருக்கிறது ஒத்தக் கண்ணு, அதுக்கு மை வேறயா?" என்று கேட்டாள். "ஒண்ணாவது லட்சணமா இருக்கட்டுமேன்னுதான்" என்றாள் சப்பீரா. மற்றவர்கள் சிரித்தார்கள். அன்றுமுதல் சப்பீரா அலங்காரப் பைத்தியம் என்று ஊரில் பேர் ஆயிற்று. அந்தப் பேர் அவளுக்குச் சௌகரியமாக இருந்தது. நோயாளி என்றால் நாலு பேர் உச்சுக்கொட்டுவார்கள், பெண் கேட்டு ஒருவரும் வரமாட்டார்கள். அலங்காரக்காரி என்றால் திட்டுவார்கள், அவ்வளவுதான். மைக்கும் அந்தக் கண்ணுக்கும் உள்ள சம்பந்தத்தை அவள் அதன்பின் யாரிடமும் சொன்னதில்லை.

தகப்பனும் போனபின் பக்கத்து நகரமான திபேரியாவுக்கு வந்தாள். கடைத்தெருவின் தூண் வரிசையில், கண்ணாடிக் குப்பி விற்கும் யோவன்னாவின் கடைக்குப் பக்கத்தில், ஒரு பலகை போட்டு மை விற்க உட்கார்ந்தாள். கறுப்புப் பாறையில் குடைந்த கல்வம் ஒன்றும், மூன்று விதச் சல்லடைத் துணியும், ஒரு முனை கூராகவும் மறுமுனை காது குடையும் கரண்டியாகவும் இருந்த வெண்கல மைக்கோல் ஒன்றும் அவள் சொத்து. கல்லை இடித்து, அரைத்து, சலித்து, மறுபடி அரைப்பாள். இரண்டு விரலுக்கு இடையில் தேய்த்துப் பார்த்தால் விரலுக்கு எதுவும் தட்டக்கூடாது. அதுவரை விற்கமாட்டாள். கல்யாணத்துக்கும் பண்டிகைக்கும் மலிவாகக் கேட்பவர்களுக்கு விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்துத் தனியாக வைத்திருந்தாள். அதைத் தன் கண்ணுக்கு ஒருநாளும் தொட்டதில்லை.

சுமை எடுத்துப் போகக்கூடாத ஓய்வுநாளில் ஒருவர் எவ்வளவு மையை வெளியே எடுத்துப் போனால் குற்றம் என்று படிப்பு மண்டபத்தில் ஒரு பேச்சு உண்டு. ஒரு கண்ணுக்குத் தீட்டும் அளவு என்பது விதி. ஒரு கண்ணுக்கு மட்டும் தீட்டுவது யார் என்று யாரோ கேட்டதற்கு, முக்காட்டில் ஒரு கண் மட்டும் தெரியப் போகிற அடக்கமான பெண்கள் என்று பெரியவர்கள் பதில் சொன்னார்களாம். கடைத்தெருப் பெண்கள் அதைக் கேட்டு, "நம்ம சப்பீராவ மனசுல வச்சுத்தான் சொல்லியிருக்காங்க. அடக்கம்னு சொன்னதுதான் இடிக்குது" என்றார்கள். சப்பீராவும் அவர்களோடு சேர்ந்து சிரித்தாள்.

தன்ஹூம் அவளிடம் முதலில் வந்தது வாங்குவதற்காக. அவன் பணக்கார வீடுகளில் தரைக்கு வண்ணக் கற்சில்லு பதிப்பவன். மனைவியைப் பிரசவத்தில் இழந்தவன். முழங்கால் ஊன்றி ஊன்றி இடது கால் கொஞ்சம் வளைந்திருந்தது. தன்னிடம் இருக்கும் கரி வெளிறிப் போகிறது என்றும், சுண்ணாம்புக் காரையில் கலக்க நல்ல கறுப்புப் பொடி ஒரு கிண்ணம் வேண்டும் என்றும் கேட்டான்.

"இது கண்ணுக்குப் போடறது. தரைக்கு விக்கிறதில்ல" என்றாள் சப்பீரா.

"நானும் கண்ணுக்குத்தான் கேக்கறேன். தரையில ஒரு பொம்பள முகம் போட்டிருக்கேன், கண்ணு எடுப்பா வரல."

அவள் கொடுத்தாள். அடுத்த வாரம் அவன் வந்து கண் எடுப்பாக வந்துவிட்டது என்று சொன்னான். அதற்கடுத்த வாரம் சும்மா வந்தான். அறுப்பு முடிந்த மாதத்தில் கல்யாணம் ஆயிற்று. அப்போது சப்பீராவுக்கு இருபத்தாறு வயது. ஒரு பெண் குழந்தை பிறந்து மூன்றாம் மாதம் போய்விட்டது. அப்புறம் குழந்தை இல்லை. எட்டு வருஷம் பெரிய சண்டை சச்சரவு இல்லாமல் ஓடிற்று.

சண்டை வந்தது லெவித்தாஸ் வீட்டு வேலையின்போது. லெவித்தாஸ் எண்ணெய் வியாபாரி. கடலைப் பார்த்த அவன் வீட்டில் விருந்துக்கூடத்துக்குத் தன்ஹூமும் இன்னும் மூன்று பேரும் தரை பதித்துக்கொண்டிருந்தார்கள். லெவித்தாஸின் மனைவி சப்பீராவின் பழைய வாடிக்கை. வாரத்துக்கு ஒருமுறை சப்பீரா அங்கே போய் அவளுக்குக் கண் தீட்டிவிடுவாள். அன்று விருந்துக்கூடம் வழியாகத்தான் உள்ளே போக முடிந்தது. வேலைக்காரர்கள் போட்டிருந்த பலகைமேல் அவள் அங்கியின் விளிம்பைத் தூக்கிப் பிடித்து நடந்துபோனாள். யாரையும் பார்க்கவில்லை, கணவனைக்கூட.

அவள் உள்ளே போனதும் சேனோன் என்பவன் ஆரம்பித்தான். அவன் சில்லுகளை உடைத்துக் கொடுக்கிறவன், வாய் நீளம். "தன்ஹூம் அண்ணே, ஒரு சந்தேகம். ஒங்க வீட்டுக்காரி ஒரு கண்ண மூடியே வச்சிருக்காளே, அது எங்களப் பாத்துக் கண்ணடிக்கிறதுன்னு எடுத்துக்கலாமா?"

மற்ற இருவரும் சிரித்தார்கள். தன்ஹூம் அடுத்த சில்லை எடுத்துப் பதித்தான். சேனோன் விடவில்லை. ஒரு கண்ணை வைத்துக்கொண்டே இவ்வளவு மினுக்குகிறவள் இரண்டு இருந்தால் திபேரியாவை மிச்சம் வைத்திருக்க மாட்டாள் என்றான். காலையில் எழுந்ததும் வேறு வேலைக்கு முன்னால் கண்ணுக்குத் தீட்டுகிறாளாமே, யாருக்காக என்று அண்ணன் கேட்டதுண்டா என்றான். தன்ஹூம் அந்த மத்தியானம் பதித்த ஒரு முழம் தரையைச் சாயங்காலம் தானே பெயர்த்தான். வரிசை கோணியிருந்தது.

அந்த வாரத்து ஓய்வுநாளில் ஜெபக்கூடத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். வேதவாசிப்பு எபிரேயத்தில் நடக்கும். ஜனங்கள் வீட்டிலும் தெருவிலும் பேசுவது அரமாயிக். ஆகையால் ஒவ்வொரு வரியும் படித்ததும் ஹலாப்தா எழுந்து பேச்சுமொழியில் சொல்லுவான். வாரநாளில் அவன் கயிறு திரிப்பவன். பாழான நகரத்துக்கு ஆறுதல் சொல்லும் பகுதி அன்று வந்தது. அதில், கற்களைப் பூக்கில் பதிப்பதாக ஒரு வரி. பூக் என்றால் கண்ணுக்கு இடும் அஞ்சனம் என்று ஹலாப்தா சொன்னான். கற்களை எப்படி அஞ்சனத்தில் பதிப்பது என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுத்தார். தன்ஹூமுக்கு அதில் புதிர் இல்லை. கறுப்புக் காரையில் பதித்த வெள்ளைக் கல் எப்படி எடுப்பாகத் தெரியும் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் அந்தச் சொல்லை அன்றுதான் முதல் தடவையாகக் காதில் வாங்கினான். கடைத்தெருவில் யாரும் பூக் என்று சொல்வதில்லை. மை என்பார்கள். பூக் ஏட்டில் இருக்கும் சொல்.

மறுநாள் சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தார்கள். பருப்பும் வெங்காயமும் உப்பு மீனும். சேனோன் மறுபடி ஏதோ சொல்லியிருக்கிறான். என்ன சொன்னான் என்று தன்ஹூம் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. அவன் மனைவியைப் பார்த்து, யாருக்காகத் தினமும் தீட்டிக்கொள்கிறாய் என்று கேட்டான். சப்பீரா ரொட்டியைப் பிய்த்தபடி, கேட்ட கேள்விக்குப் பழக்கமான பதிலையே சொன்னாள்.

"ஒண்ணாவது லட்சணமா இருக்கட்டுமேன்னுதான்."

தன்ஹூம் எழுந்து நின்றான். சபதத்துக்குரிய வார்த்தைகளை எபிரேயத்தில், கோயில் காணிக்கையைச் சாட்சி வைத்துச் சொன்னான்: இன்றுமுதல் உன் கண்களில் பூக் இருக்கும்வரை என் கையால் வரும் எதுவும், சோறானாலும் கூரையானாலும், காணிக்கைப் பொருளைப்போல உனக்கு விலக்கு.

சப்பீரா கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தாள். அது அவன் சம்பாத்தியத்தில் வாங்கிய மாவு. முக்காட்டு நுனியைத் தண்ணீரில் நனைத்து இமையை இரண்டு தடவை துடைத்தாள். துணியில் கறுப்பு வராத வரைக்கும் துடைத்தாள். அப்புறம் ரொட்டியை எடுத்துச் சாப்பிட்டு முடித்தாள். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அவள் கேட்கவில்லை. ஜெபக்கூடத்தில் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து அவளும்தான் ஹலாப்தாவைக் கேட்டிருந்தாள்.

தன்ஹூம் அவள் அழுவாள் என்றோ சண்டைக்கு வருவாள் என்றோ எதிர்பார்த்தான். வந்திருந்தால் அன்றைக்கே பெரியவர்களிடம் போய்ச் சபதத்தை அவிழ்த்திருப்பான். அவள் பேசாமல் பாத்திரம் கழுவப் போனது அவனுக்கு இன்னும் ரோஷத்தைக் கிளப்பிற்று.

அவளுக்கும் ரோஷம்தான். நோய் என்று ஒரு வார்த்தை சொன்னால் விஷயம் தீர்ந்துவிடும் என்று தெரியும். ஆனால் அவன் இப்படிக் கேட்டபிறகு, காலைப் பிடிப்பதுபோல அதைச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. இருபத்தேழு வருஷம் கண் தாங்கியிருக்கிறது, இனியும் தாங்கலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

பஸ்கா பண்டிகை முடிந்து வெயில் ஏறும் காலம். கடலிலிருந்து அடிக்கும் பளபளப்பு கடைத்தெரு வரை வரும். நாலாம் நாள் இமை தடித்தது. பத்தாம் நாள் காலையில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்ட இமையை வெந்நீரால் பிரிக்க வேண்டியிருந்தது. அவள் பலகையில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு மை அரைத்தாள், மற்றவர்களுக்குத் தீட்டிவிட்டாள். பக்கத்துக் கடை யோவன்னா, வெறும் கண்ணோடு மை விற்றால் யார் வாங்குவார்கள் என்று கேட்டாள். விரதம் என்றாள் சப்பீரா. மை விற்கிறவளுக்கு அப்படியொரு விரதமா என்று சொல்லி யோவன்னா அதற்குமேல் தோண்டாமல் விட்டாள். இருபதாம் நாள் வாக்கில் வெளிச்சம் குத்த ஆரம்பித்தது. முக்காட்டைக் கண்ணுக்குமேல் இழுத்துவிட்டு, தரையைப் பார்த்து நடந்தாள். நிஜமாகவே அடக்கம் வந்துவிட்டது என்று கடைத்தெரு பேசிக்கொண்டது.

ஐந்தாவது வாரம் லெவித்தாஸ் வீட்டில் அவள் கை தவறியது. அந்த அம்மாளின் கீழிமையில் வைக்க வேண்டிய மைக்கோல் வெள்ளை விழியில் பட்டது. அம்மாள் கத்திவிட்டாள். முகத்தைக் கழுவிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தவள், சப்பீராவின் முக்காட்டை விலக்கிப் பார்த்து, "என்னடி இது, பச்சைக் கறி மாதிரி இருக்கு" என்றாள். புழுதி என்றாள் சப்பீரா. அடுத்த அறையில் மண்டியிட்டிருந்த தன்ஹூமுக்கு இரண்டும் கேட்டது.

அன்று வீட்டில் அவன் விளக்கை எடுத்து அவள் முகத்துக்கருகே பிடித்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எத்தனை நாளாக என்று கேட்டான். புழுதி என்று அவள் மறுபடி சொன்னாள். அவன் விளக்கை இருந்த இடத்தில் வைத்தான். காலையில் வேலைக்குப் போகாமல் ஹலாப்தாவின் கயிற்றுக் களத்துக்குப் போனான்.

ஹலாப்தாவிடம் அவன் கேட்டது இவ்வளவுதான்: பூக் என்று சொல்லி ஒருவன் சபதம் செய்திருந்தால், அந்தச் சொல் எதை எதைக் கட்டும்? ஹலாப்தாவுக்கு ஒரே மகிழ்ச்சி. தான் வாசிப்பில் சொல்லும் அர்த்தத்தை வைத்து ஒரு வழக்கு வந்ததே இல்லை. கயிற்றை அப்படியே விட்டுவிட்டு, அவனைக் கையோடு கூட்டிக்கொண்டு போய், வியாழக்கிழமை ஜெபக்கூடத்து முன்னறையில் உட்காரும் மூன்று பெரியவர்களிடம் விஷயத்தைச் சொல்லிவைத்தான்.

வியாழக்கிழமை காலை தன்ஹூமும் சப்பீராவும் போனார்கள். மூன்று பேரில் நடுவில் இருந்தவர் ரப்பி எலியாகிம், எழுபது வயது. ஒரு பக்கம் தோல் வியாபாரி ஒருவர், மறுபக்கம் பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பவர். சந்தைக்கு வந்த கிராமத்து ஆட்கள் சிலர் தங்கள் முறைக்காகக் கதவோரம் நின்றார்கள். தன்ஹூம் சொன்ன சபத வார்த்தைகளை அப்படியே திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். சொன்னான்.

தோல் வியாபாரி முதலில் பேசினார். சபதத்தில் கண்கள் என்று பன்மையில் சொல்லியிருக்கிறான், இந்த அம்மாளுக்கு இருப்பதோ ஒன்று, ஆகவே சபதம் பிடிக்க இடமில்லாமல் கீழே விழுந்துவிட்டது என்றார். கதவோரம் நின்றவர்கள் சிரித்தார்கள். வாத்தியார் அதை ஒப்பவில்லை. சபதங்களில் ஜனங்கள் பேசும் பேச்சைத்தான் பார்க்க வேண்டும், பூக் என்று பேச்சில் யார் சொல்கிறார்கள், பேச்சில் இல்லாத சொல்லால் கட்ட முடியாது என்றார். இன்னொன்றும் சொன்னார்: இவன் கல் பதிக்கிறவன், கல் பதிக்கும் கறுப்புக் காரையைத்தான் பூக் என்றான் என்று வைத்துக்கொண்டால் யாருக்கும் கஷ்டமில்லை.

ஹலாப்தாவைக் கேட்டார்கள். அவன் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, தான் அந்தச் சொல்லை அஞ்சனக்கல் என்று மாற்றுவதாகவும், தன் தகப்பனும் அப்படியே மாற்றியதாகவும், ஆகவே கல்லை அரைத்த மை விலக்கு, விளக்குக்கரியில் செய்த மைக்குத் தடையில்லை என்றும் சொன்னான். தோல் வியாபாரிக்கு அது பிடித்துப்போயிற்று. அம்மா, இனிமேல் கரி மையைப் போட்டுக்கொள், சபதமும் நிற்கும் அலங்காரமும் நிற்கும் என்றார்.

சப்பீரா அதுவரை முக்காட்டுக்குள் நின்றவள் அப்போதுதான் பேசினாள்.

"எனக்காக இண்டு இடுக்கெல்லாம் தேட வேணாங்க, ரப்பி. அவர் சொன்னது மைதான். நான் காலையில போடற மை. எனக்கும் புரிஞ்சுது, அவருக்கும் புரியும். அவரக் கேளுங்க."

ரப்பி எலியாகிம் தன்ஹூமைப் பார்த்தார். "நீ என்னத்த நெனச்சுச் சொன்னே? காரையத்தான்னு நீ சொன்னா நான் எழுதிட்டு அடுத்த வழக்கக் கூப்பிடுவேன்."

காரை என்று சொல்வது சுலபம். வாத்தியார் ஏற்கெனவே வழி வெட்டி வைத்திருந்தார்.

"காரைய நெனைக்கல, ரப்பி. இவ கண்ணுல போடறதத்தான் நெனச்சேன். மைன்னு சொன்னா தெனப்படி சண்ட மாதிரி ஆயிடும். பெரிய வார்த்தையா சொல்லணும்னு இருந்துது. ஓய்வுநாள்ல காதுல விழுந்த வார்த்த, அதச் சொன்னேன்."

"அப்ப கட்டுது" என்றார் ரப்பி எலியாகிம். ரப்பி சப்பீராவை அருகே வரச்சொல்லி, முக்காட்டைத் தூக்கச் சொன்னார். அவள் தூக்கினாள். ஜன்னல் வெளிச்சத்துக்கு அவள் கண்ணிலிருந்து நீர் கொட்டிற்று. கதவோரம் நின்றவர்களில் ஒருவன் பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

"எத்தன நாளாம்மா இப்படி?"

அவர் காத்திருந்தார். முறைக்கு நின்ற கிராமத்தார் கால் மாற்றி நின்றார்கள்.

"மைய நிறுத்தி நாலாம் நாள்லேருந்து" என்றாள்.

"முன்னாடி எப்பவாவது இப்படி வந்திருக்கா?"

"ஏழு வயசுல. அப்பத்தான் அந்தக் கண்ணு போச்சு."

"அப்ப நீ போட்டுக்கிட்டது மருந்து. அலங்காரம் இல்ல."

சப்பீரா யோசித்தாள். "அலங்காரமுந்தான், ரப்பி" என்றாள்.

ரப்பி எலியாகிம் தன்ஹூம் பக்கம் திரும்பி, இது உனக்குத் தெரியுமா என்று கேட்டார். எட்டு வருஷமாக ஒரே வீட்டில் இருந்தும் தெரியாது என்றான் தன்ஹூம்.

"சபதம் பண்ணின அன்னிக்கு இது தெரிஞ்சிருந்தா பண்ணியிருப்பியா?"

"வாயே தெறந்திருக்க மாட்டேன்."

அதுதான் வாசல். சபதத்தை அவிழ்க்கிறவர்கள் அப்படி ஒரு வாசலைத்தான் தேடுவார்கள்: அன்றைக்கே இருந்து, சபதம் செய்தவனுக்குத் தெரியாமல்போன ஒன்று. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவிழ்ந்தது, அவிழ்ந்தது, அவிழ்ந்தது என்று மூன்று முறை சொன்னார்கள். அடுத்த வழக்கு ஒரு கழுதையைப் பற்றியது. அந்த ஆட்கள் அதற்குள் முன்னால் வந்துவிட்டார்கள். ஹலாப்தாவுக்கு மட்டும் கொஞ்சம் ஏமாற்றம். சொல்லின் அர்த்தம் கடைசியில் தீர்ப்பில் இடம்பெறவே இல்லை.

வெளியே வந்து இருவரும் மீன்சந்தைப் பக்கம் திரும்பினார்கள். சப்பீரா சுவர் நிழலை ஒட்டி நடந்தாள். அவள் பையில் விற்பனைக்கான மைக்குப்பி இருந்தது. தெருவில் வைத்து அவள் அதை எடுக்கவில்லை.

"ஏன் எங்கிட்டச் சொல்லல?" என்றான் தன்ஹூம்.

"நீங்க கேக்கல."

"கேட்டேனே. யாருக்காகன்னு கேட்டேன்."

"அது கேள்வி இல்ல."

அவன் சில அடி நடந்தான். "சரி, வேற மாதிரிக் கேட்டிருந்தா? சொல்லியிருப்பியா?"

"மாட்டேன்" என்றாள். பொய் சொல்லத் தோன்றவில்லை. "குருடின்னு பரிதாபப்பட்டு நீங்க என்னக் கட்டிக்கிட்டீங்கன்னு இருக்க வேணாம்னு பாத்தேன்."

"ஒத்தக் கண்ணுங்கிறது எனக்குத் தெரியாமலா கட்டினேன்?"

"அது வேற. அது போனது. இது போயிட்டே இருக்கிறது."

இரண்டு மீன் வாங்கினார்கள். அவன் அதைத் தூக்கிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திவிட்டு அவள் வெந்நீரில் கண்ணைக் கழுவினாள். மைக்கோலைத் தொட்டுக் கண்ணுக்குக் கொண்டுபோனாள். நீர் வழிந்து பார்வையை மறைத்ததால் இரண்டு தடவை கன்னத்தில் இழுத்துவிட்டது. தன்ஹூம் கையை நீட்டினான். நூலளவு இடத்தில் கல் வைத்துப் பழகிய கை. அவள் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கோலைக் கொடுத்துவிட்டு, முகத்தை நிமிர்த்தி உட்கார்ந்தாள். எரிந்தது. அவள் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள், அவன் தீட்டி முடித்தான்.

கண் ஆறுவதற்கு அந்தக் கோடை முழுவதும் ஆயிற்று. சிவப்பு இறங்கியது. கருவிழியின் ஓரத்தில் அரிசி நுனி அளவுக்கு ஒரு வெள்ளை நின்றுவிட்டது. அதற்குப்பிறகு சாயங்காலங்களில் எதிரே வருபவர்களை அவள் நடையை வைத்துத்தான் அடையாளம் கண்டாள். தன்ஹூமை அதற்காகக் குற்றம் சொன்னதாக யாரும் கேட்டதில்லை. அதை மன்னித்துவிட்டதாகவும் சொன்னதில்லை. அவன் பிறகு எதற்கும் சபதம் செய்யவில்லை. உப்பு விலையைப் பற்றிய பேச்சில்கூடச் சத்தியமாக என்று சொல்லமாட்டான். சேனோனோடு லெவித்தாஸ் வீட்டுத் தரையை முடித்துக் கொடுத்தான். அதோடு சரி, வேறு கூட்டத்தில் சேர்ந்துகொண்டான்.

கடைத்தெருவுக்கு விஷயம் சபதம் அவிழ்ந்த அன்று மத்தியானமே வந்துசேர்ந்துவிட்டது. சப்பீரா பயந்தபடி உச்சுக்கொட்டியவர்கள் இருந்தார்கள். ஆனால் கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் அதைவிட அதிகம். மக்தலாவிலிருந்தும் வந்தார்கள். சீழ் கட்டிய கண்களை அவள் பார்த்துக் கழுவிவிடுவாள், தாய்மாருக்கு எப்படித் தீட்டுவது என்று காட்டுவாள். கை கழுவாமல் மைக்கோலைத் தொடுகிறவர்களை வாய்க்கு வந்தபடி திட்டுவாள். சில குழந்தைகளுக்குச் சரியாயிற்று, சிலருக்கு ஆகவில்லை. கல் மை கரி மையைவிட அதிகமாக விற்றது.

ஐம்பது வயதுக்குமேல் அந்த வெள்ளை மெல்லப் பரவி, வெளிச்சம் இருட்டு என்பது மட்டும் தெரிகிற நிலைக்கு வந்தாள். அப்போது தன்ஹூமுக்கும் முழங்கால் முழுதாக மடங்க மறுத்துவிட்டது. அவன் கடைக்கு வந்து அவளோடு பலகையில் உட்கார்ந்தான். அவள் விரலால் தேய்த்துப் பார்த்து இன்னும் அரையுங்கள் என்பாள். அவன் அரைப்பான். பெண்கள் அவனிடம் விலை பேச வெட்கப்பட்டார்கள், பிறகு பழகிவிட்டார்கள்.

ஒரு மாரிக்காலத்தில் காய்ச்சல் கண்டு ஆறு நாளில் சப்பீரா இறந்தாள். ஊருக்கு மேற்கே மலைச்சரிவில் அடக்கம் செய்தார்கள். யோவன்னாவின் மகள் கடையைக் கேட்டாள், தன்ஹூம் கொடுக்கவில்லை. துக்க நாட்கள் கழிந்ததும் பலகையைத் துடைத்துப் போட்டு உட்கார்ந்தான். இன்னும் நாலு வருஷம் அவனே அரைத்து விற்றான். கொஞ்சம் கரகரப்பாக இருக்கிறது என்று பெண்கள் குறை சொன்னார்கள். அவன் மறுபடி சல்லடைத் துணியை எடுப்பான்.